மூன்று மணி நேர வகுப்பில் பிள்ளைகளை எழுந்து நடமாடச் செய்வது எப்படி

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் சனிக்கிழமை தோறும் நடக்கும் மேலதிக வகுப்பொன்றில், கணிதப் பாடம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டியிருந்த ஒரு காலையில், "எல்லாரும் கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க" என்று சொன்னேன். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். ஆனால் ஒருவரும் அசையவில்லை. தலைகள் குனிந்திருந்தன. முன்வாங்கில் இருந்த மாணவி மட்டும் மெல்லிய குரலில், "நாங்க என்னா சேர் செஞ்சோம்?" என்று கேட்டாள். கைகால்களை உதறிக்கொள்ளட்டும் என்று எண்ணி நான் சொன்ன சொல் அவர்கள் காதில் தண்டனையாக விழுந்திருந்தது.

அவள் கேட்டதில் தவறில்லை. நமது வகுப்பறைகளில் எழுந்து நிற்பது வீட்டுவேலை செய்யாதவருக்கும், பிந்தி வந்தவருக்கும், விடை தெரியாதவருக்கும் உரியதாகவே இருந்துவந்திருக்கிறது. வாங்கின்மேல் ஏறி நிற்பது, முட்டுக்கால் போடுவது, தோப்புக்கரணம், மைதானத்தைச் சுற்றி ஓடுவது என்று நாம் பிள்ளைகளுக்குக் கொடுத்த உடலசைவுகளில் பெரும்பாலானவை தண்டனையின் பெயரால் கொடுக்கப்பட்டவை. கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடைசெய்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. இருந்தும் ஆசிரியர் "எழும்பு" என்றதும் பிள்ளையின் தோள் தானாகச் சுருங்குகிறது. ஆகவே நீண்ட வகுப்புகளின் இடையில் மாணவரை நடமாட வைக்க விரும்பும் ஆசிரியர், பயிற்சிகளைத் தேடுவதற்கு முன், எழுந்து நிற்பதைத் தண்டனையிலிருந்து பிரித்துவைக்க வேண்டும். அந்த வகுப்பில் இனி எவரையும் நிற்கவைத்துத் தண்டிப்பதில்லை என்று முடிவுசெய்து, அதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அதேபோல, குழப்படி செய்த பிள்ளையின் இடைவேளையைப் பறித்து உள்ளே இருத்தி எழுதவைக்கும் வழக்கத்தையும் கைவிடுங்கள். வகுப்பில் அடங்கி இருக்க முடியாமல் தவிக்கும் அந்தப் பிள்ளைக்குத்தான் இடைவேளை எல்லாரையும்விட அதிகமாகத் தேவைப்படுகிறது.

இடைவேளையை விட்டுவிட்டால் போதும், பிள்ளைகள் தாமாகவே ஓடியாடுவார்கள் என்று பலர் நினைக்கிறோம். ஆரம்பப் பிரிவில் அது உண்மைதான். அங்கே மணி அடித்தவுடன் வகுப்பறை காலியாகிவிடும். தரம் 10க்கு மேல் நிலைமை வேறு. பத்து நிமிடம் ஓய்வு என்று அறிவித்துவிட்டு ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். பாதிப் பேர் விடுபட்ட குறிப்பைப் பக்கத்திலுள்ளவரின் கொப்பியைப் பார்த்து எழுதுவார்கள், சிலர் கைப்பேசியின்மேல் குனிவார்கள், குளிர் காலமென்றால் இன்னும் சிலர் சுவெட்டருக்குள் கைகளை இழுத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே ஒடுங்கிக்கொள்வார்கள். இடைவேளை முடியும், உடல் மட்டும் எழுந்திருக்காது. எனவே அசைவை ஆசிரியரே தொடங்கிவைக்க வேண்டியிருக்கிறது.

காலையில் மலையேறி வந்த பிள்ளைக்கு இது எதற்கு

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சக ஆசிரியர்கள் எழுப்பும் மறுப்பு ஒன்று உண்டு. நமது பிள்ளைகள் நகரத்துப் பிள்ளைகளைப் போல வாகனத்தில் வந்து இறங்குபவர்கள் அல்லர். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து தேயிலை மலையின் குறுக்குப் பாதையில் ஏறி இறங்கி, பலர் மைல் கணக்கில் நடந்து வருகிறார்கள். அவர்களுக்கு மேலும் நடை எதற்கு என்பதே அந்த மறுப்பு. 5 முதல் 17 வயது வரையானவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமேனும் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் பாடசாலைக்கு வந்து போவதிலேயே அதை நிறைவேற்றிவிடுகிறார்கள் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே வழிகாட்டல், உட்கார்ந்தே கழியும் நேரத்தைக் குறைக்கவும் தனியாகச் சொல்கிறது. காலை ஏழு மணிக்கு ஏறிய ஏற்றம், பதினொரு மணிக்கு வாங்கில் மரத்துப்போன காலுக்கு உதவுவதில்லை.

உட்கார்ந்திருக்கும்போது நடப்பது இதுதான். கால்களுக்கு இறங்கிய இரத்தம் மீண்டும் மேலே ஏற, கெண்டைக்கால் தசை சுருங்கி நாளங்களை அழுத்த வேண்டும். நாளங்களுக்குள் இருக்கும் தடுப்பிதழ்கள் அப்படி ஏறிய இரத்தம் திரும்ப இறங்காமல் தடுக்கின்றன. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் இது நிகழ்கிறது. அசையாமல் இருந்தால் இரத்தம் கீழேயே தேங்குகிறது; கால் கனக்கிறது, பாதம் குளிர்கிறது. முள்ளந்தண்டின் வட்டத்தட்டுகளுக்கு நேரடி இரத்த ஓட்டம் மிகக் குறைவு. அவற்றுக்கான ஊட்டம் சுற்றியுள்ள திசுக்களிலிருந்து ஊறியே சேர்கிறது, அந்த ஊறலுக்கு உடலின் அசைவு துணைசெய்கிறது. சாய்மானமில்லாத வாங்கில் மூன்று மணி நேரம் கூனியிருக்கும் பிள்ளை இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவதில் வியப்பில்லை. இவற்றோடு மலைநாட்டுக்கே உரிய இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கும் நானுஓயா, தலவாக்கலை, பொகவந்தலாவை போன்ற இடங்களிலும் மழைக்காலக் காலையில் பிள்ளைகள் நனைந்த காலுறையோடு வந்து உட்காருகிறார்கள். ஈரமும் குளிரும் அசையாத காலில்தான் அதிகம் உறைக்கின்றன.

அசைவு படிப்புக்கு உதவுகிறதா என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஏறத்தாழ ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் 20 நிமிடம் நடந்த பின்னர், கவனத்தைச் சிதறவிடாமல் விடையளிக்க வேண்டிய சோதனையில், ஓய்வாக உட்கார்ந்திருந்த நாளைவிடச் சரியாக விடையளித்தார்கள். அது சிறிய ஆய்வு. அங்கே நடந்ததும் 20 நிமிட நடை. மூன்று நிமிடம் கையை ஆட்டினால் பெறுபேறு கூடிவிடும் என்று நான் வாக்குறுதி தர மாட்டேன். ஆனால் கால் மரத்து, கண் எரிந்து, கழுத்து வலிக்கும் பிள்ளைக்குச் சமன்பாடு ஏறாது என்பதை அறிய ஆய்வு தேவையில்லை.

நேரத்தை எப்படிப் பிரிப்பது

பின்லாந்துப் பாடசாலைகளில் 45 நிமிடப் பாடத்துக்கு 15 நிமிட இடைவேளை விடுவது நெடுங்கால வழக்கம். நமது பாடத்திட்டச் சுமையில் அது நடவாது. நான் மூன்று மணி நேர வகுப்புக்கு வைத்திருக்கும் கணக்கு இது: 40ஆவது நிமிடத்தில் 3 நிமிடம், 85ஆவது நிமிடத்தில் 12 நிமிடம், 135ஆவது நிமிடத்தில் மீண்டும் 3 நிமிடம். எல்லாம் சேர்ந்து 18 நிமிடம். அதாவது வகுப்பில் பத்தில் ஒரு பங்கு. அந்த நேரம் எங்கிருந்து வரும் என்று அஞ்சுபவர்கள், இரண்டாவது மணி நேரத்தில் ஒரே கணக்கை எத்தனை முறை திரும்ப விளக்குகிறோம் என்று ஒரு வாரம் எண்ணிப் பார்க்கலாம்.

நேரத்தை மாற்றாமல் வைத்திருப்பது முக்கியம். பிள்ளைகள் சோர்ந்துவிட்டார்கள் என்று ஆசிரியருக்குத் தெரிய வரும்போது அவர்கள் சோர்ந்து பதினைந்து நிமிடமாவது ஆகியிருக்கும். அதனால் முகத்தைப் பார்த்து முடிவுசெய்யாமல் கடிகாரத்தைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். கணக்கு நடுவில் நின்றாலும் நிற்கட்டும். பாதியில் விட்ட கணக்கைத் தொடர்வதற்காகவே பிள்ளைகள் சுறுசுறுப்பாகத் திரும்பி உட்காருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறேன். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தகரக் கூரையின்மேல் மழை அடித்து ஊற்றும்போது ஆசிரியர் எவ்வளவு கத்தினாலும் மூன்றாவது வாங்குக்குக் கேட்காது. தொண்டை கிழியக் கத்துவதைவிட, சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, குறுகிய இடைவேளையை அப்போதே எடுத்துக்கொள்வது நல்லது. செய்கையால் காட்டினாலே போதும், சொல் தேவையில்லை. மழையின் இரைச்சலில் கூச்சமுள்ள பிள்ளைகளும் தயக்கம் விட்டு அசைவார்கள்.

வாங்குகளுக்கு நடுவே மூன்று நிமிடம்

பல பாடசாலைகளில் நீண்ட மண்டபம் ஒன்றிலேயே மூன்று நான்கு வகுப்புகள் இடுப்பளவுத் தட்டியால் மட்டும் பிரிக்கப்பட்டு நடக்கின்றன. அங்கே குதிப்பதும் கைதட்டுவதும் அடுத்த வகுப்பைக் கெடுக்கும். மேலதிக வகுப்பு மண்டபங்களிலோ வாங்குகளுக்கிடையில் ஒருவர் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குத்தான் இடமிருக்கும். ஆகவே நின்ற இடத்திலேயே, சத்தமின்றிச் செய்யக்கூடியவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் பேனையை வைக்கச் சொல்லுங்கள். பேனை கையிலிருக்கும் வரை மனம் கொப்பியை விட்டு வராது. பிறகு எழுந்து, மேசை விளிம்பை இரு கைகளாலும் மெதுவாகப் பிடித்துக்கொண்டு, குதிகாலை உயர்த்தி நுனிப்பாதத்தில் நின்று, இரண்டு எண்ணும் நேரம் பொறுத்து இறங்க வேண்டும். இதை இருபது முறை செய்தால் கெண்டைக்கால் சூடேறுவதைப் பிள்ளைகளே உணர்வார்கள். ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரமிருக்கிறது என்றால் நான் இதையே செய்விப்பேன். அடுத்துத் தோள்களைக் காதுவரை உயர்த்திப் பின்பக்கமாகச் சுழற்றி இறக்குதல். கைகளைக் கோத்துத் தலைக்குமேல் நீட்டி, இடமும் வலமும் மெதுவாகச் சாய்தல். நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி முப்பது அடி நடத்தல். குளிர் காலையில் இவற்றுக்கு முன் விரல்களை மடக்கி விரிக்கவும் உள்ளங்கைகளைத் தேய்க்கவும் சொல்வேன், ஏனென்றால் விறைத்த விரலால் எழுதும் பிள்ளை பேனையை இறுக்கிப் பிடித்து அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலி என்கிறது.

கண்ணை மறந்துவிடாதீர்கள். வெகுநேரம் கொப்பியை அருகில் பார்த்த கண்ணுக்குத் தூரத்தைப் பார்ப்பதே ஓய்வு. அதற்கு நமக்குக் கிடைத்திருப்பதுபோல வாய்ப்பு வேறெங்கும் இல்லை. எந்தச் சாளரத்தைத் திறந்தாலும் எதிரே மலை இருக்கிறது. கடைசி அரை நிமிடம் எல்லாரையும் அந்தப் பக்கம் திரும்பி, எதிர்மலையில் கொழுந்து கிள்ளுபவர்களோ, வளைவில் திரும்பும் பஸ்ஸோ, எது கண்ணுக்குப் படுகிறதோ அதைப் பார்க்கச் சொல்லுங்கள். பனிமூட்டமான நாளில் மண்டபத்தின் மறுகோடிச் சுவரைப் பார்த்தாலும் போதும்.

ஆண்களும் பெண்களும் சேர்ந்திருக்கும் வகுப்பில், குறிப்பாகத் தரம் 11க்கு மேல், மாணவியர் அசையத் தயங்குவது இயல்பு. சீருடையில் கையைத் தூக்கவும் குனியவும் அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். பின்னால் எவரோ பார்க்கிறார்கள் என்ற எண்ணமும் இருக்கும். எல்லாரும் ஒரே திசையில் சாளரத்தை நோக்கித் திரும்பி நின்று, குனியாத, கால் விரிக்காத அசைவுகளை மட்டும் செய்வதென்று வைத்துக்கொண்டால் அந்தச் சங்கடம் பெரிதும் குறைகிறது. மாதவிடாய் வலியோ தலைச்சுற்றலோ உள்ளவர் காரணம் சொல்லாமலே உட்கார்ந்திருக்கலாம் என்று முதல் நாளிலேயே அறிவித்துவிட வேண்டும். ஏன் எழவில்லை என்று நாற்பது பேர் நடுவில் கேட்டால், அந்த மாணவி அடுத்த கிழமை வகுப்புக்கே வராமல் போகலாம்.

ஆசிரியரும் கூடவே செய்ய வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நிற்கும் ஆசிரியர் மேற்பார்வையாளராகத்தான் தெரிவார். சேலை உடுத்திய ஆசிரியையும் குதிகால் உயர்த்தலையும் தோள் சுழற்றலையும் தடையின்றிச் செய்யலாம். மூன்று நான்கு கிழமைகள் போனபின் வழிநடத்தும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் முறைவைத்துக் கொடுங்கள். அதை வகுப்புத் தலைவருக்கோ விளையாட்டில் முதல் வருபவருக்கோ மட்டும் கொடுத்துவிடாமல், பின்வாங்கில் பேசாமல் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு நாள் கொடுங்கள்.

பன்னிரண்டு நிமிட இடைவேளை

பெரிய இடைவேளையில் பிள்ளைகள் வெளியே போக வேண்டும். அதற்கு வழி, வெளியே போவதற்கான காரணங்களை வெளியே வைப்பதுதான். தண்ணீர்ப் போத்தல்களையும் புத்தகப் பைகளையும் வாங்கருகில் வைக்காமல் மண்டபத்தின் மறுகோடியில் வைக்கச் சொல்லுங்கள். சென்ற கிழமை வினாத்தாளின் விடைகளை வெளிச்சுவரில் ஒட்டுங்கள். திருத்திய தாள்களை வாசலில் வைத்துக் கொடுங்கள். கைப்பேசிகள் முதல் ஐந்து நிமிடம் மேசைமேல் இருக்கட்டும் என்பது மட்டும் விதியாக இருக்கலாம்; அதற்குமேல் கட்டுப்பாடு வைத்தால் இடைவேளை இன்னொரு பாடவேளையாகிவிடும்.

இளைய வகுப்புகளுக்கு ஆட்டங்கள் உண்டு. மாரியம்மன் திருவிழாவில் கும்மியும் கோலாட்டமும் ஆடிய பிள்ளைகள் எந்தத் தோட்டத்திலும் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு கும்மி வட்டம் கூடிவிடும். நாம் கற்பிப்பதைவிட அவர்கள் நமக்குக் கற்பிப்பது அதிகமாக இருக்கும், அதுவும் நல்லதே. பெரிய பிள்ளைகள் இருவர் மூவராகப் பேசிக்கொண்டு நடந்தாலே போதும். யப்பானில் 1928இல் வானொலி வழியாகத் தொடங்கிய எளிய உடற்பயிற்சி இன்றுவரை அங்கே நீடிக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த, மாறாத ஒரு வரிசை இருப்பது அதற்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். நம் வகுப்பிலும் அப்படி ஒரு வரிசை அமைந்துவிட்டால் கிழமைதோறும் புதிதாகத் தேட வேண்டியதில்லை.

வெளியே விடும் முன் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மழை பெய்த செம்மண் சரிவும் பாசி பிடித்த சீமெந்துப் படியும் வழுக்கும். ஈரப் புல்லில் அட்டை ஏறும். குளவிக்கூடு இருக்கும் மரத்தடிக்கும் பாறைக்கும் பிள்ளைகளைக் கொண்டுபோகவே கூடாது. மலையில் கொழுந்து கிள்ளும் தாய்மாரைக் குளவி கொட்டிய கதை தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் கல்லெறியும் கை ஒன்று எப்போதும் இருக்கும். இளைப்பு நோயுள்ள (ஆஸ்துமா) பிள்ளைகள் யாரென்று முன்பே அறிந்து, அவர்களின் மருந்து பையில் இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்காற்றில் ஓடுவது அவர்களுக்கு ஆகாது, மெதுவாக நடக்கலாம். காலையில் வெறும் தேநீரோடு வந்த பிள்ளையை அசைவுக்கு முன் எதையாவது உண்ணவிடுங்கள். யார் சாப்பிட்டு வரவில்லை என்று எல்லார் முன்னிலையிலும் கேட்க வேண்டாம். ஒரு பொதி பிஸ்கட் மேசையில் பொதுவாக இருந்தால் தேவையானவர் எடுத்துக்கொள்வார்.

பாடத்துக்குள்ளேயே நடக்க வைப்பது

இடைவேளையைக் கூட்ட முடியாத ஆசிரியர் பாடத்தையே நடமாட்டமாக்கலாம். சாதாரண தரப் பல்தேர்வு வினாக்களுக்கு நான்கு விடைகள். வகுப்பறைக்கும் நான்கு மூலைகள். வினாவை வாசித்து, யோசிக்க அரை நிமிடம் கொடுத்து, தாம் தேர்ந்த விடையின் மூலைக்கு நடந்துபோகச் சொல்லுங்கள். பத்து வினாக்கள் முடிவதற்குள் எல்லாரும் அறையைப் பலமுறை குறுக்காகக் கடந்திருப்பார்கள். இதில் ஓர் ஆபத்து இருக்கிறது: கெட்டிக்காரர் போகும் மூலைக்கே மற்றவர்களும் போவார்கள். விடையின் எண்ணை முதலில் கொப்பியில் எழுதிவிட்டு நடக்கவைத்தால் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். தவறான மூலையில் தனியாக நிற்கும் பிள்ளையை ஒருவரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்வது ஆசிரியரின் பொறுப்பு. இடம் நெருக்கமான மண்டபத்தில், கணக்கின் ஒவ்வொரு படியையும் ஒவ்வொருவர் வந்து கரும்பலகையில் எழுதுவதும், விடையைத் திருத்தக் கொப்பியை இரண்டு வாங்கு தள்ளி இருப்பவரிடம் கொண்டுபோவதும் இதே பயனைத் தரும்.

தரம் 11, 13 பிள்ளைகளுக்கு இன்னொன்றையும் பழக்கிவிடுங்கள். உயர் தரத்தின் இரண்டாம் வினாத்தாள் மூன்று மணி நேரம் நீளும்; பரீட்சை மண்டபத்தில் எவரும் எழுந்து நடக்க முடியாது. ஆனால் மேசைக்குக் கீழே நுனிப்பாதத்தை ஊன்றிக் குதிகாலை ஏற்றி இறக்கலாம், கணுக்காலைச் சுழற்றலாம், ஒரு வினா முடிந்ததும் பேனையை வைத்து விரல்களை விரித்து மடக்கலாம், முதுகை நிமிர்த்தி நீண்ட மூச்சொன்று எடுக்கலாம். மாதிரி வினாத்தாள் எழுதும் நாட்களில் இதை நான் ஒவ்வொரு வினாவின் முடிவிலும் செய்யச் சொல்கிறேன். பரீட்சைக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்தால் பதற்றத்தில் அது நினைவுக்கு வராது. தரம் 10இலேயே தொடங்கிய பிள்ளைக்கு, ஒரு வினாவின் கீழே கோடு கிழிக்கும்போதே குதிகால் தானாக உயரும்.